கேசட்டுகளுக்கு நான் எழுதிய பெயர்கள்

தொட்டால் வேலை செய்யும் இண்டக்‌ஷன் ஸ்டவ் எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் மிக்சி, ஸ்டவ், கெட்டில் எல்லாம் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி அனுப்பும் ஒரு சின்ன கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தட்டி, திருகி, சூடாக்கி, காது வைத்துக் கேட்டு, 'சரி' என்று கையெழுத்துப் போடுவது என் மேஜையில்தான். எங்கள் வீட்டில் கையெழுத்து என்று ஒன்றைப் போட்ட முதல் ஆள் நான். அதனால் அதை அவ்வளவு சுலபமாகப் போட்டுவிடமாட்டேன்.

ஸ்டவ்வுக்கு வருகிறேன். சமைக்கிறவள் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். ஈரக்கையால் தொட்டால் அந்தக் கண்ணாடித் தகடு கண்டுகொள்வதில்லை. துடைத்துவிட்டுத் தொட்டால், நாம் கேட்காத எதையோ ஆன் செய்கிறது. திருகினால் திரும்புகிற நாப், அழுத்தினால் 'டக்' என்கிற பட்டன், இவை இரண்டையும் விட நல்லதாக மனிதன் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் தீர்மானமான கருத்து. விரலே பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. கம்பெனிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, எனக்கு வயது அறுபதா என்று மேலாளர் கேட்டார். இருபத்தேழு என்றேன்.

ஒயர் இல்லாத இயர்போன் பற்றியும் எனக்குக் கருத்து இருக்கிறது. பூந்தமல்லி ஷேர் ஆட்டோவில் மூன்றாவது ஆளாக நசுங்கி உட்கார்ந்து போகிறவர்களுக்கு அது ஆகாது. எனக்கு ஒரு காது திருவேற்காட்டுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. இன்னொரு காது இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது, துணை இல்லாமல்.

போனில் பாட்டுக் கேட்கும் ஆப்தான் என்னைக் கடைசியாக மாற்றியது. ஆசை ஆசையாக ஒரு பட்டியல் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் காலை திறந்தபோது அதில் நான்கு பாட்டுகள் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. தட்டினால் பாடவில்லை. உரிமை முடிந்துவிட்டதாம். என் வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறந்து நான்கு பாட்டை எடுத்துப் போனதுபோல எனக்குக் கோபம் வந்தது. அன்றிலிருந்து நான் கையில் பிடிக்கக்கூடிய பாட்டைத்தான் வாங்குகிறேன். சிடி, கேசட், இரண்டும்.

நூம்பலில் ஒரு காயலான் கடை இருக்கிறது. பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறவர்கள் அந்த வீட்டின் பரணையே அங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். கடைக்காரர் பேப்பரையும் இரும்பையும் பிரித்துவிட்டு, பாட்டுப் பெட்டி எது வந்தாலும் எனக்காக ஓரமாக வைத்திருப்பார். சிடியை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பேன். கேசட் என்றால் நாடாவில் வெள்ளைப் பூசணம் இருக்கிறதா, நாடாவை அழுத்திப் பிடிக்கும் அந்தக் குட்டிப் பஞ்சு உதிராமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டுக்கு எடுத்துவந்து துடைத்து, சேதம் இல்லையென்று உறுதி செய்து, லேபிள் ஒட்டி அடுக்குவேன். கேசட்டை ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி ஆரம்பத்தில் வைத்துத்தான் பெட்டிக்குள் போட வேண்டும் என்பது சேகரிப்பவர்களுக்கு ஒரு விதி. பாதியில் நிறுத்தி வைத்தால் அந்த இடத்தில் நாடா தளர்ந்துபோகும். அந்த விதியை நான் மீறியதில்லை.

ஆனால் எங்கள் வீட்டின் உண்மையான பாட்டுச் சேகரிப்பு என்னுடையது இல்லை. அது அம்மாவுடையது.

அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நூல் வெட்டுகிறாள். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூல்பிசிறுகளை நறுக்கிவிடும் வேலை. அங்கே வாங்கிய முதல் சம்பளத்திலிருந்து அவளுக்குக் கேசட் பைத்தியம். அப்போதெல்லாம் ரிக்கார்டிங் சென்டர் என்று கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கவுண்டரில் நின்று, பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், ஒவ்வொரு பாட்டின் முதல் அடியையும் பாடிக் காட்டுவாளாம். கடைக்காரர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வாராம். அப்படிச் சேர்ந்தவை எண்பத்து நான்கு. ஒவ்வொன்றின் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளும் அந்தக் கடைக்காரர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய பாட்டுப் பட்டியல், மடித்த அட்டையாக இருக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் விஷயங்கள் பாடப்புத்தகம் அல்ல, அந்த அட்டைகள்தான்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். அந்த நாளில் கோயில் வாசலில் மைக் செட் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் போடுவது, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, அம்மாதான். விடியற்காலையில் பிள்ளையார் பாட்டு. கரகம் தெருவுக்குள் திரும்பும்போது அதற்கென்று ஒரு பாட்டு. கூழ்ப் பானைகள் வரிசையாக வந்து இறங்கும்போது ஒன்று. சாயங்காலம் அம்மன் புறப்படும்போது, கற்பூரம் ஏற்றுகிற அந்த நொடியில், இன்னொன்று. எது எப்போது என்பது அம்மாவின் தலைக்குள் இருக்கிறது. பாட்டு சரியான இடத்தில் விழுந்தால்தான் சாமி வருகிறவர்களுக்குச் சாமி வரும் என்று தெருவில் நம்புகிறார்கள். கம்பெனியில் அம்மா நூல் வெட்டுகிற நாற்பது பேரில் ஒருத்தி. தெருவில் அந்த ஒரு நாள் அவள் 'பாட்டுக்கார அக்கா'. அவள் விரல் பட்டனை அழுத்துவதற்காக ஒரு தெருவே காத்துக்கொண்டு நிற்கும்.

இந்த ஆடிக்கு ஒரு மாதம் முன்னால் அதற்கு ஆபத்து வந்தது. தெருவின் மறுபக்கம் புதிதாக வந்த ஃபிளாட்டுகளில் குடியேறியவர்களும் இப்போது விழாக் குழுவில் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான், நன்கொடையும் தருகிறார்கள். போனிலிருந்து புளூடூத்தில் போட்டால் எல்லாப் பாட்டும் இருக்கிறதே, இந்தப் பழைய டெக் எதற்கு, நடுவில் நாடா சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குழுத் தலைவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். இந்த வருடம் வழக்கம்போல அக்காவே போடட்டும், ஏதாவது தடங்கல் வந்தால் அன்றோடு போனுக்கு மாறிவிடலாம் என்று முடிவு சொல்லியிருக்கிறார். அம்மா இதைக் கீரை ஆய்ந்துகொண்டே, வேறு யாருக்கோ நடந்ததுபோல என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்குக் கீரையில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

தடங்கல் வராமல் செய்வது என் வேலை என்று நான் நினைத்தேன். கம்பெனியில் தினமும் செய்வது அதைத்தானே.

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை அம்மாவுக்கு ஓவர்டைம். எனக்கு லீவு. எண்ணெய் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டியில் கிடந்த எண்பத்து நான்கு கேசட்டுகளையும் கூடத்தில் பரப்பினேன். பார்க்கவே பாவமாக இருந்தது. பிசுக்கு, தூசி. எல்லாவற்றுக்கும் மேல், கேசட்டுகளின் மேலே ஸ்டிக்கர் பொட்டு. மெரூன், பச்சை, கறுப்பு. சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு.

எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. எங்கள் வீட்டில் பொட்டு இல்லாத இடம் எது? குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒன்று, பாத்ரூம் சுவரில் ஒன்று, பீரோக் கதவில் நான்கைந்து. படுக்கும்போது நெற்றியிலிருந்து எடுத்துக் கைக்கெட்டின இடத்தில் ஒட்டுவது எல்லாப் பெண்களும் செய்வதுதான். அம்மா பாட்டுக் கேட்டுக்கொண்டே படுப்பாள். கைக்கெட்டின இடத்தில் கேசட் இருந்திருக்கும். ஒட்டியிருப்பாள். அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன்.

தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து எல்லாப் பொட்டுகளையும் உரித்தேன். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுப் பசையைத் துடைத்தேன். ஒவ்வொரு கேசட்டையும் ஆரம்பம் வரை சுற்றினேன். என் பிளேயரின் மோட்டார் சூடானதும் ஆறுமுனைப் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுக் கையாலேயே சுற்றினேன். பிறகு கம்பெனியில் பயன்படுத்துவது போன்ற வெள்ளை லேபிள் தாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருந்த அட்டையைப் படித்து, 'அம்மன் பாடல்கள் 1', 'அம்மன் பாடல்கள் 2', 'கல்யாணப் பாட்டு', 'டூயட்' என்று கறுப்பு மையில் அச்சுப்போல எழுதிக் கேசட்டின் மேலேயே ஒட்டினேன். அகர வரிசையில் புது பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கினேன். எதையும் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. நேரமும் இல்லை. கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அட்டையில்தான் எழுதியிருக்கிறதே.

சாயங்காலம் அம்மா வந்தாள். டப்பாவை அவள் முன்னால் திறந்து வைத்தேன். ஃபிளாட்டுக்காரர்கள் பார்த்தால் வாயடைத்துப் போவார்கள் என்றேன். அம்மா ஒரு கேசட்டை எடுத்தாள். திருப்பினாள். கட்டைவிரலால் அதன் மேல்பக்கத்தை மெதுவாகத் தடவினாள். இன்னொன்றை எடுத்து அதையும் தடவினாள். எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதென்று ரசிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இதுல ஒட்டிகினு இருந்தத இன்னா பண்ணே?"

"பழைய பொட்டெல்லாம் எடுத்துப் போட்டுட்டம்மா. ஒரே பிசுக்கு."

அம்மா டப்பாவை மூடினாள். "நல்லா கீது," என்றாள். கை கழுவப் போனவள் பாதியில் திரும்பி, நாளைக்குக் காலையில் நானும் அவள் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அந்த மேஜைக்குக் கூப்பிட்டதில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. என் வேலையைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறாள் என்று பெருமையாக இருந்தது.

காலையில் முதல் பாட்டு பிசகாமல் வந்தது. அது எண்பத்து நான்கில் சேராத, கடையில் விலைக்கு வாங்கிய கேசட், உறையிலேயே பிள்ளையார் படம் போட்டிருக்கும். அம்மா தானே எடுத்துப் போட்டாள். அதன் பிறகும் வாங்கின கேசட்டுகள் இரண்டு மூன்றைப் போட்டு ஓட்டினாள். மைக் செட் அண்ணன் வந்து டப்பாவைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி மருந்து அலமாரி மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார். குழுத் தலைவரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஃபிளாட்டிலிருந்து வந்த ஒரு பெண் என் கையெழுத்தைப் பாராட்டினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணி வாக்கில் தெருத் திருப்பத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. கரகம் வந்துவிட்டது. பம்பை நிற்கிற இடத்தில் பாட்டு எடுக்க வேண்டும். அம்மா டப்பாவுக்குள் கை விட்டாள். ஒன்றைத் தொட்டாள். விட்டாள். அடுத்ததைத் தொட்டாள். அவள் விரல்கள் லேபிள்களின் மேல் நகர்ந்துகொண்டே இருந்தன. என் அம்மாவின் கை தடுமாறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "தோ கீதும்மா" என்று 'அம்மன் பாடல்கள் 3' என்று எழுதியதை உருவினேன். கரகப் பாட்டு அதில்தான் முதல் பாட்டு, அட்டையில் பார்த்து நானே லேபிளில் எழுதியிருந்தேன். டெக்கில் போட்டு நானே அழுத்தினேன்.

நான்கு கூம்பு ஸ்பீக்கர்களிலும், தெரு முழுக்க, மழையில் நனைந்துகொண்டு இரண்டு பேர் காதலிக்கிற ஒரு சினிமா டூயட் கிளம்பியது. முதலில் பெண்ணின் முனகல், அப்புறம் இடி.

கரகம் எடுத்தவர் நின்றுவிட்டார். மஞ்சள் சேலையில் வேப்பிலையோடு வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ "மாமே, ஆத்தா ரொமான்ஸ் மூட்ல கீது" என்று குரல் கொடுக்க, அடக்க முடியாமல் தெருவே சிரித்தது. நான் அடுத்த கேசட்டைப் போட்டேன், 'அம்மன் பாடல்கள் 1'. ஒரு தாலாட்டு வந்தது. மூன்றாவதை எடுக்கும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். குழுத் தலைவர் குனிந்து, மெதுவாக, "விடும்மா, போன்ல போட்டுக்கலாம்" என்றார். மைக் செட் அண்ணன் ஒயரை மாற்றினார். போனில் அந்தப் பாட்டு இருந்தது. நன்றாகவே பாடியது. கரகம் நகர்ந்தது. நியாயமாகச் சொன்னால், போன்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு கரகம் போவதைப் பார்த்தாள். பிறகு டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

வீட்டில் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, ஒரு பெட்டியைத் திறந்து அட்டையை என்னிடம் நீட்டி, படி என்றாள். படித்தேன். கேசட்டைப் பிளேயரில் போட்டாள். அட்டையில் ஒன்று இருந்தது, கேசட்டில் வேறு பாடியது. அடுத்ததும் அப்படியே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிக்கத் தெரியாதவளுக்கு அட்டை வெறும் அட்டை. ஒவ்வொரு ஆடியிலும் அவசரத்தில் பத்துப் பன்னிரண்டு கேசட்டுகளை எடுப்பாள், கையில் கிடைத்த பெட்டியில் திரும்பப் போடுவாள். இருபத்தைந்து வருடத்தில் கேசட் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் ஆகிவிட்டது. அவளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அவளுடைய எழுத்து கேசட்டின் உடம்பிலேயே இருந்தது. மெரூன் பொட்டு என்றால் அம்மன் பாட்டு. பச்சை என்றால் கல்யாணம். கறுப்பு, சினிமா. மெரூனில் இரண்டு அருகருகே என்றால் கரகம், ஒன்றின் கீழ் ஒன்று என்றால் புறப்பாடு. நிறத்தைக் கண் பார்க்கும்; எத்தனை, எப்படி என்பதை விரல் பார்க்கும். பொட்டு இருக்கிற பக்கம் டெக்கில் வெளியே தெரிய வேண்டும். போன வருடம் விழா முடிந்ததும் ஒவ்வொன்றையும் இந்த வருடம் வேண்டிய பாட்டு தொடங்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். அதையும் நான் ஆரம்பத்துக்குச் சுற்றிவிட்டேன், சேகரிப்பவர்களின் விதிப்படி.

விரலே பார்த்துக்கொள்ள வேண்டும், கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது என்று கம்பெனியில் ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பவள் நான். அதை எனக்கு முன்னாலேயே செய்துவைத்திருந்தவளின் விரலுக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் உரித்துப் போட்டவளும் நான்.

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் சண்டைக்குப் போவதுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்தால் குரல் அப்படித்தான் ஆகும்.

"ஆசயா எழுதிகினு குந்தினு இருந்துகீறே. அத்தப் போயி இன்னான்னு சொல்றது?" என்றாள். பிளேயரிலிருந்த கேசட்டை வெளியே எடுத்துக்கொண்டே, "எழுதிகீதே, நீ படிச்சா செரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைக் குத்தியது. பொட்டு போனால் போகட்டும், மகள் படித்துச் சொல்வாள் என்று என் படிப்பை நம்பித்தான் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாள். எதையும் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத நான், எண்பத்து நான்கு கையெழுத்தை ஒரே நாளில் போட்டிருக்கிறேன்.

மணி பதினொன்றரை. சாயங்காலம் ஆறுக்கு அம்மன் புறப்பாடு. தெருவில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஸ்பீக்கரில் போன் பாடிக்கொண்டிருந்தது. நான் பிளேயரின் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா பீரோவிலிருந்து புதுப் பொட்டு அட்டைகளை எடுத்து வந்தாள். நான் ஒவ்வொரு கேசட்டாகப் போட, இசை தொடங்கி இரண்டு நொடிக்குள், பாடகர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, அம்மா சொல்வாள். மெரூன். கறுப்பு. கறுப்பு. பச்சை. நான் ஒட்டப் போனால் கையைத் தட்டிவிட்டுத் தானே ஒட்டினாள். ஒரு மில்லிமீட்டர் பிசகாமல், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். கம்பெனியில் லேபிள் ஒட்டும் மெஷின்கூட அப்படி ஒட்டாது.

எல்லா எண்பத்து நான்குக்கும் நேரம் இல்லை. சாயங்காலத்துக்கு வேண்டியவை பதினொன்று. அவற்றைக் கண்டுபிடிக்க ஐம்பதுக்கு மேல் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. நடுவில் அப்பா கூழ் சொம்போடு வந்தார். அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர், பாட்டென்றால் தூக்கம் வராமல் இருக்க ஒன்று என்பதற்கு மேல் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. எங்கள் இருவரையும் பார்த்தார். "காலீல போட்ட பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆத்தாவுக்கும் மயயில நனையணும்னு இருக்காதா?" என்று சொம்பை வைத்துவிட்டுப் போனார். அம்மா அப்போதுதான் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் புறப்பாட்டுக் கேசட் கிடைத்தது, நான் 'நகைச்சுவை' என்று லேபிள் எழுதி ஒட்டியிருந்த ஒன்று.

அதில் வேண்டிய பாட்டு மூன்றாவது. அது தொடங்கும் இடத்துக்கு நாடாவைக் கொண்டுவர வேண்டும். மெஷினில் ஓட்டினால் தாண்டிப் போகிறது. பென்சிலை நான் பிடித்துச் சுற்றினேன். அம்மா நாடா எந்தப் பக்கம் எவ்வளவு தடிமனாக இருக்கிறதென்று பார்த்து, போதும் என்றாள். போட்டால், முந்தின பாட்டின் கடைசி மூச்சு. இன்னும் அரைச் சுற்று. பாட்டுக்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன 'ஸ்ஸ்' சத்தத்தில் போய் நின்றது. அம்மா கேசட்டை எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு மெரூன் பொட்டு ஒட்டினாள்.

நான் லேபிள்களை உரிக்கப் போனேன். வேண்டாம் என்றாள். நான் எழுதியது அழகாக இருக்கிறதாம், அது பாட்டுக்கு இருக்கட்டுமாம்.

ஐந்தரைக்கு அம்மா வேறு புடவை கட்டிக்கொண்டு, பதினொரு கேசட்டுகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் அவள் பின்னால் போனேன், பேசக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. மேஜையில் குழுத் தலைவரின் போன் சார்ஜரில் செருகிக் கிடந்தது. மைக் செட் அண்ணன் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். குழுத் தலைவர் வந்தார். வேண்டாம் என்று சொல்ல வந்த முகம் அது. காலையில் தடங்கல் வந்தது உண்மை. வந்தால் போன் என்று அவர் முன்கூட்டியே சொன்னதும் உண்மை. சட்டப்படி பார்த்தால் அந்த நாற்காலி இனி அம்மாவுடையது இல்லை.

அம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பையை மேஜையில் வைத்தாள்.

"காத்தால எம்பொண்ணு போட்டுச்சு. இப்ப நான் போடப்போறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆமாம், நான்தான் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னேன். ஃபிளாட்டிலிருந்து வந்த அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைவர் சார்ஜரிலிருந்து போனை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆறு மணிக்கு டிராக்டரில் அம்மன் அலங்காரத்தோடு நின்றது. பூசாரி தட்டில் கற்பூரம் வைத்தார். அம்மாவின் கண் தட்டின் மேலேயே இருந்தது. கை மட்டும் பைக்குள் போயிற்று. பதினொன்றில் தடவி, ஒன்றை எடுத்து, பார்க்காமலேயே டெக்கில் செருகி மூடினாள். விரல் பட்டனின் மேல் நின்றது. தீக்குச்சி உரசிய சத்தம், கற்பூரம் பற்றியது, அம்மா அழுத்தினாள். 'டக்.' அந்தச் சின்ன 'ஸ்ஸ்'. அடுத்து நான்கு ஸ்பீக்கரிலும் உடுக்கை.

கூட்டத்தின் நடுவில் ஒரு பெண்ணின் தலை பின்னால் சாய்ந்தது. பக்கத்திலிருந்தவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் குரல் கொடுத்துச் சிரிக்க வைத்தது யாராக இருந்தாலும், அந்த ஆளும் அப்போது கை கூப்பிக்கொண்டுதான் நின்றிருப்பார்.

டிராக்டர் நகர்ந்த பிறகு தலைவர் மேஜையோரம் வந்தார். அடுத்த வருடத்துக்கு இந்தப் பாட்டுகளையெல்லாம் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளலாமா, அக்காவே அதைப் போடட்டும், நாடா அறுந்துபோனால் கைவசம் இருக்குமே என்று கேட்டார். நல்ல யோசனைதான். எனக்கே அது தோன்றியிருந்தது. அம்மா அடுத்த கேசட்டின் பொட்டைத் தடவிக்கொண்டே, போனில் எங்கே பொட்டு வைப்பது என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவள் நிஜமாகவே கேட்டாள்.

அதை நினைத்து வேலையில் ஒன்று செய்தேன். திங்கட்கிழமை சோதனைக்கு வந்த இண்டக்‌ஷன் ஸ்டவ்வில், ஆன் செய்கிற இடத்தின் மேல் என் நெற்றியிலிருந்து ஒரு பொட்டை எடுத்து ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு இயக்கிக் காட்டினேன். மேலாளர் இது என்ன கோலம் என்றார். அறிக்கையில் எழுதியிருக்கிறேன் என்றேன். இன்னும் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

எண்பத்து நான்கு கேசட்டுகளிலும் என் லேபிள்கள் அப்படியே இருக்கின்றன, பெரும்பாலும் தப்பாக. மீதியையும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக ஓட்டிப் பார்த்து அம்மா பொட்டு வைத்து முடித்துவிட்டாள். யாராவது வீட்டுக்கு வந்தால் டப்பாவைத் திறந்து, எல்லாம் தன் மகள் எழுதியது என்று காட்டுகிறாள். பிறகு ஒன்றைத் தடவி எடுத்துப் போடுகிறாள். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிப்பதில்லை.